நீங்களும் எந்திரிங்க, மறைக்காது

மூணாம் நம்பர் அக்காவை உட்கார வைக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அதட்டினார்கள், கெஞ்சினார்கள், பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு தடவை கடலைத் தோலை அள்ளி முதுகில் எறிந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மேடையில் கித்தார் சத்தம் கேட்டுவிட்டால் அவள் எழுந்துவிடுவாள். கடைசிப் பாட்டு முடிந்து, மைக்செட்காரர் வயரைச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் குனிந்து செருப்பைத் தேடுவாள்.

மூணாம் நம்பர் என்பது அவளுடைய இருக்கையின் எண். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போடுகிற வேலை எங்களுக்கு. நீளமான போர்டு, அதன் முன்னால் வரிசையாக நாற்காலிகள், ஆளுக்கொரு ஹெட்செட். கார்டு என்கிற வயரை இழுத்துத் துளையில் செருகினால் இரண்டு ஊர்கள் பேசும். உருவினால் பேச்சு நிற்கும். அவள் மூணு, நான் நாலு. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது, அழகான பெயர்தான். ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை.

போர்டில் அவள் குரல் வெண்ணெய். "கத்தாதீங்க சார், நல்லா கேக்கு" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாள் என்று கணக்கில்லை. அந்தக் காலத்தில் தூரத்து ஊருக்குப் பேசுகிறவர்கள் எல்லோரும், அந்த ஊர் வரைக்கும் தங்கள் குரலே நடந்துபோக வேண்டும் என்று நினைத்துக் கத்துவார்கள். பிள்ளை பிறந்ததற்கும் கத்துவார்கள், பெரியப்பா போய்ச் சேர்ந்ததற்கும் கத்துவார்கள், மிளகாய் வத்தல் விலைக்கும் கத்துவார்கள். எல்லாம் எங்கள் காதுக்குள்தான்.

"நாள் பூரா அடுத்தவன் சத்தம்" என்பாள். "சாயங்காலம் ஒரு மணி நேரமாவது எனக்குப் புடிச்ச சத்தமா இருக்கட்டுமே. யாருக்கு என்ன நட்டம்?"

அவளுக்குப் பிடித்த சத்தத்தைப் பாளையங்கோட்டையில் நாலு பையன்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கித்தார், ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ். வேதக்கோவில் பாடகர் குழுவில் கற்றுக்கொண்டு, அங்கே அடிக்க முடியாததை எல்லாம் ஒரு கார் ஷெட்டில் வைத்து அடித்துப் பழகினார்கள். டியூட்டி முடிந்து சைக்கிளில் போன அக்கா, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நின்றுவிட்டாள். அன்று வீட்டுக்கு ஏன் லேட் என்று மதினி கேட்டதற்கு, "வழியில ஒரு சோலி" என்றாளாம். மதினி என்றால் அக்காவுடைய அண்ணன் பெண்சாதி. அந்த வீட்டின் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், ஜெயில் மூன்றும் மதினிதான்.

அந்தப் பையன்கள் குழுவுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊருக்கு அது தேவைப்படவில்லை. 'கித்தார்ப் பையங்க' என்றால்தான் தெரியும். கொடை விழா, ஸ்தோத்திரப் பண்டிகை, கல்லூரி ஆண்டுவிழா என்று யாராவது இடம் கொடுத்தால் போவார்கள். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, தமிழில் பாடினார்கள். அதுதான் சிக்கல். தெரியாத பாட்டை எதற்காகக் கேட்க வேண்டும் என்று ஜனங்களுக்கு ஒரு நியாயமான கோபம். இரண்டாவது பாட்டு முடியும் முன்பே "சினிமாப் பாட்டு போடுங்கடே" என்று குரல் வந்துவிடும்.

ரசிகர்கள் என்று பார்த்தால் நாங்கள் ஒரு கைப்பிடி. நர்சிங் படிக்கிற பிள்ளைகள் சிலர், மோட்டார் ரீவைண்டிங் கடைப் பையன்கள் இருவர், எங்கு கச்சேரி நடந்தாலும் 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்று சொல்லிக்கொண்டு நிற்கிற ஒரு கணக்கு வாத்தியார், அப்புறம் நானும் அக்காவும். அம்பாசமுத்திரத்துக்கும் போயிருக்கிறோம், ஏரலுக்கும் போயிருக்கிறோம். அம்பாசமுத்திரத்தில் நல்ல மழை. கூட்டம் மொத்தமும் பந்தலுக்குள் ஓடிவிட்டது. மேடைக்கு முன்னால் அக்கா மட்டும் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். பையன்களும் நிறுத்தவில்லை. ஒரே ஒருத்திக்காக ஒரு கச்சேரி நடந்ததை நான் பந்தல் ஓரத்திலிருந்து பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் மேல்தான், பையன்கள் மேல் அல்ல.

வெட்டவெளிக் கச்சேரி என்றால் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. மைதானத்தின் நடுவே கயிறு கட்டிவிடுவார்கள். ஒரு பக்கம் ஆம்பளைகள், ஒரு பக்கம் பொம்பளைகள். ஆம்பளைகள் உட்காருவார்கள், நிற்பார்கள், ஆடுவார்கள், டீ குடிக்கப் போவார்கள். பொம்பளைகள் துண்டையோ பேப்பரையோ விரித்து உட்கார்ந்தால், பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. போடாத சட்டத்தைத்தான் யாரும் மீறுவதில்லை. அக்கா மீறினாள்.

"ஏ பிள்ள, உக்காரு! மறைக்கு!" என்று பின்னாலிருந்து சத்தம் வரும்.

அக்கா திரும்பி, போர்டில் பேசுகிற அதே குரலில் சொல்வாள்: "நீங்களும் எந்திரிங்க பெரியம்மா. மறைக்காது."

கோபமாகச் சொல்ல மாட்டாள். வழி கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி சொல்வாள். அதுதான் அவர்களுக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஒரு கிராமத்து வேதக்கோவில் மைதானத்தில் சபை மூப்பர் ஒருவர், வெள்ளைச் சட்டையும் தோளில் நேரியலுமாக, அவரே இறங்கி வந்தார். "தாயி, பொம்பளப் பிள்ளைக உக்காந்து கேக்கணும். நல்லா இருக்காது பாத்துக்க" என்றார். தன்மையாகத்தான் சொன்னார்.

"ஞானப்பாட்டுப் பாடையில எல்லாரும் எந்திரிச்சுத்தான நிக்கீங்க ஐயா?" என்றாள் அக்கா.

"அது ஆண்டவருக்கும்மா."

"இது எனக்குங்க ஐயா."

மூப்பர் நேரியலை இழுத்துத் தோளில் போட்டார். பிறகு மேடைப் பக்கம் நடந்துவிட்டார். அவர் கோபித்தாரா, சிரித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் அப்போது மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன்தான் இப்படி நிற்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, உக்காந்தா காதுல மட்டும்தான் கேக்கு. நின்னா உள்ளங்கால்ல ஏறுது. ஒருவாட்டி நின்னு பாரு." அடுத்த கச்சேரியில் நானும் நின்றேன். உண்மைதான். டிரம்ஸ் அடி மண்ணுக்குள் இறங்கி, செருப்பைத் தாண்டி, முழங்கால் வரைக்கும் வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷமாக இருந்தது.

அவள் அந்தப் பையன்களின் அடிமை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கொடைவிழாவில் கூட்டம் கல்லெறிகிற நிலைக்கு வர, பையன்கள் பயந்துபோய் ஒரு சினிமாப் பாட்டைப் பாடிவிட்டார்கள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பாட்டு நடக்கும்போது உட்கார்ந்தாள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனாள். டிரம்ஸ் வாசிக்கிறவன் ஒல்லியாக, மீசை அரும்பியும் அரும்பாமலும் இருப்பான். அவனைத்தான் பிடித்தாள்.

"ஏலே, அந்தப் பாட்டுக்கு ரேடியோ இருக்கு. நீங்க என்னத்துக்கு?"

"அடிக்க வந்துட்டாங்கக்கா" என்றான் அவன்.

"அடிச்சா வாங்கிக்கோ. நான் ஆறுமுகநேரியில இருந்து பஸ்ஸு மாறி வந்திருக்கேன், ரேடியோ கேக்கவா?"

ஆறுமுகநேரியில் அவளுக்கு ஒரு கலியாணவீடு. தாலி கட்டியதும் பந்தியில்கூட உட்காராமல் வந்திருந்தாள். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு குச்சிகளை உறைக்குள் போட்டான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பொருட்காட்சி மைதானத்தில் கித்தார்ப் பையன்களுக்கு ஒரு சாயங்காலம் கொடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது நாங்கள் போர்டில் இருந்தோம். கணக்கு வாத்தியார் வெளியூருக்குப் பேசுகிற சாக்கில் கூப்பிட்டுச் சொன்னார். திருநெல்வேலியே வந்து அப்பளம் தின்கிற இடம் அது. சின்னச் சின்ன விழாவில் அரை மேடையில் வாசித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிசு என்று எங்களுக்குத் தெரியும். மணிமுத்தாறு அணையில் மதகு திறப்பதைப் பற்றி அவர்கள் புதிதாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்கள். கித்தார் மட்டும் சொட்டுச் சொட்டாக ஆரம்பிக்கும். தண்ணீர் ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு டிரம்ஸ் விழும், அதுதான் மதகு. ஷெட்டில் ஒத்திகை கேட்டுவிட்டு வந்து அக்கா சொன்னாள்: "அது மைதானத்துல விழணும் பிள்ள. அன்னைக்கு நான் செத்தாலும் போவேன்."

மறுநாள் முகம் தொங்கிப்போய் வந்தாள்.

விஷயம் இதுதான். மதினி ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தாள். தெற்கே ஒரு சின்ன ஊர், சொந்தமாக அரிசி ஆலை. பெண் பார்க்க நேராக வீட்டுக்கு வந்து, பிடிக்காமல் போய்விட்டால் இரண்டு பக்கமும் பேச்சாகிவிடும் அல்லவா? அதற்காகக் கோவிலிலோ பொருட்காட்சியிலோ தற்செயலாகப் பார்த்த மாதிரி பார்த்துவிட்டுப் போகிற வழக்கம் உண்டு. யாரும் யாரையும் அறிமுகம் செய்ய மாட்டார்கள். பெண்ணுக்கு மட்டும் பட்டுச்சேலையும் பூவும் இருக்கும். மதினி தேர்ந்தெடுத்தது பொருட்காட்சி. தேர்ந்தெடுத்த சாயங்காலமும் அதே சாயங்காலம்.

"பாட்டும் கேட்டுக்கோ, உன்னயும் பாத்துக்கட்டும்னு சொல்லுதா" என்றாள் அக்கா. "ஒரே ஒரு நாளு உக்காந்து இருன்னு காலப் பிடிக்காத குறை. அண்ணன் முகத்தப் பாத்துச் சரின்னுட்டேன்."

"ஒருநாள்தானக்கா" என்றேன்.

"அதாம்ட்டி. அந்த ஒருநாளு வேற நாளா இருந்திருக்கக் கூடாதா?"

அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்தாள். அரக்குப் பட்டு, தலை கொள்ளாத பிச்சிப்பூ, சம்மணம் போட்டு, கை இரண்டும் மடியில். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மதினி. இரண்டு வரிசை தள்ளிப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா. தற்செயலாக வந்தவள் போல இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு டெல்லி அப்பளம் வாங்கி வைத்திருந்தாள். முறம் அளவுக்கு இருந்த அந்த அப்பளத்துக்குப் பின்னாலிருந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கயிற்றுக்கு அந்தப் பக்கம், கட்டம் போட்ட சட்டையில். பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

பையன்கள் ஏறினார்கள். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு. அக்கா உட்கார்ந்தே இருந்தாள். டிரம்ஸ் பையன் எட்டி எட்டிப் பொம்பளைகள் பக்கம் பார்த்தான். அவன் கண் தேடின உயரத்தில் யாரும் இல்லை. அக்காவின் முழங்கால் பட்டுச்சேலைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதன் மேல் கையை வைத்து அமுக்கினேன். என் கையும் சேர்ந்து ஆடியது.

மதகுப் பாட்டு ஆரம்பித்தது. கித்தார் சொட்டியது. சத்தம் ஏறியது. 'சினிமாப் பாட்டு' என்று கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட, என்ன வரப்போகிறது என்று வாயை மூடினார்கள். இன்னும் ஏறியது. அக்கா என் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தாள். இதோ விழப்போகிறது என்கிற இடத்தில் ஒலிபெருக்கி அலறியது.

"சற்று முன் நம்மிடையே வருகை தந்திருக்கும் அண்ணாச்சி அவர்களை வரவேற்கும் விதமாக, அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்!"

யாரோ ஒரு பெரிய மனிதர், பின்னால் ஒரு கூட்டம். பாட்டு பாதியில் அறுந்தது. மைதானம் மொத்தமும் எழுந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு எல்லாரும் எழுந்தார்கள். நானும் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன்.

அக்கா எழவில்லை.

"எந்திரி பிள்ள" என்று மதினி பல்லைக் கடித்தாள். "எல்லாரும் பாக்காங்க. எந்திரி!"

"நீங்கதான மதினி இன்னைக்கு உக்காந்து இருக்கச் சொன்னீங்க?" என்றாள் அக்கா. சம்மணத்தை இன்னும் கொஞ்சம் அகட்டிப் போட்டுக்கொண்டாள்.

அத்தனை கால்களுக்கு நடுவில் அவள் ஒருத்தி மட்டும் தரையில் இருந்தாள். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். இன்னொரு பொன்னாடை. பிறகு பேச்சு. அவர் பேசி முடிக்கிற மட்டும் எங்களை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒருவழியாக முடிந்து அவர் இறங்கிப் போனதும் எல்லாரும் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். நேரமின்மை காரணமாகக் கித்தார்ப் பையன்களுக்கு நன்றி, அடுத்ததாகத் திரைப்பட இன்னிசை என்றார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வயரைக் கழற்றக் குனிந்தார்கள்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். மதினி சேலையைப் பிடித்தாள். பட்டு வழுக்கிவிட்டது.

"அண்ணாச்சி!" என்றாள் அறிவிப்பாளரைப் பார்த்து. வருஷக்கணக்காகக் கத்தாமல் சேர்த்து வைத்திருந்த குரல் அது. ராட்டினம் வரைக்கும் கேட்டிருக்கும். "லைனு பாதியில கட் ஆயிட்டு. அந்தப் பாட்ட முடிக்கச் சொல்லுங்க."

"உக்காரும்மா. பின்னால மறைக்குல்லா?" என்றார் அறிவிப்பாளர் மைக்கில். ஆம்பளைகள் பக்கம் சிரித்தார்கள்.

அக்கா திரும்பிப் பொம்பளைகளைப் பார்த்தாள். அப்பளத்தையும் அப்பளத்துக்குப் பின்னால் இருந்த முகத்தையும் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். "நீங்களும் எந்திரிங்க" என்றாள். "மறைக்காது."

நான் எழுந்தேன். நர்சிங் பிள்ளைகள் எழுந்தார்கள். அதற்கு மேல் யாரும் அசையவில்லை. என் காது சுட்டது. எங்களுக்குப் பின்னால் கைப்பிள்ளையோடு ஒரு பெரியம்மா, சாயங்காலம் முழுக்க எங்கள் கொண்டைப்பூ மறைக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தவள், முழங்காலில் கையை ஊன்றினாள்.

"யாரோ தடியனுக்கு இம்புட்டு நேரம் கால் கடுக்க நின்னோம்" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "இந்தப் பயலுவளுக்கு நின்னா கொறஞ்சா போவோம்? எந்திரிட்டி." எழுந்துவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் இருந்தவளுக்கு மறைத்தது. அவளும் எழுந்தாள். அவளுக்குப் பின்னாலும் அப்படியே. அக்கா இத்தனை வருஷம் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எல்லாரும் நின்றபோது யாருக்கும் மறைக்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மைதானம் முழுக்கப் பொம்பளைகள் நின்றார்கள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

அறிவிப்பாளர் மைக்கை அணைத்தார். கித்தாருக்கும் கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். டிரம்ஸுக்குக் கரண்டு வேண்டாம். அந்த ஒல்லிப் பையன் உறையிலிருந்து குச்சிகளை உருவினான். அக்காவைப் பார்த்தான். எங்கே அறுந்ததோ அதே இடத்திலிருந்து அடித்தான்.

மதகு திறந்தது. அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. மைக் இல்லாமல், பாட்டு இல்லாமல், வெறும் அடி. மண் வழியாக எல்லார் காலிலும் ஏறியது. அந்தப் பெரியம்மா கைப்பிள்ளையைக் குலுக்கிக் குலுக்கி ஆடினாள். கணக்கு வாத்தியார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா ஆடவில்லை, கத்தவில்லை. கண்ணை மூடி, வெறுங்காலோடு நின்றாள். திரும்பிப் பார்த்தபோது அப்பளம் மண்ணில் கிடந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் மறைத்திருக்குமே.

சம்பந்தம் முறிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். முறியவில்லை. சில நாளில் ஆள் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், வேலையிலும் இருக்கட்டுமாம். கச்சேரிக்குப் போகிற பழக்கம் மட்டும் ஆகாதாம். 'கலியாணம் ஆனா அடங்கிருவா' என்று மாப்பிள்ளை சொன்னாராம். மதினிக்குத் தலைகால் புரியவில்லை. தேங்காய் உடைக்கப் போய்விட்டாள்.

அக்கா மறுநாள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள். அவளுக்கு டியூட்டி இல்லாத நாள். முன்பக்கம், என் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரிகிற, பொதுமக்கள் பேசுகிற கண்ணாடிக் கூண்டுக்குப் போய், மற்றவர்களைப் போலவே கால் புக் பண்ணினாள். நேராக டயல் பண்ணிப் பேச அந்த ஊருக்கு இன்னும் எஸ்.டி.டி. வரவில்லை. புக்கிங் என் போர்டுக்கு வந்தது. அரிசி ஆலை நம்பர். கூப்பிட வேண்டிய ஆள்: மாப்பிள்ளை.

"லைட்னிங் போடவாக்கா?" என்றேன். லைட்னிங் என்றால் காசு பல மடங்கு, ஆனால் உடனே லைன் கிடைக்கும். பெண்ணே கூப்பிட்டுப் பேசுவது என்பது அப்போது எங்கள் பக்கம் கேள்விப்படாத காரியம்.

"ஆர்டினரி போதும் பிள்ள. என்ன அவசரம்?"

லைன் கிடைத்தது. கண்ணாடிக்குள் அவள் ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றாள்.

"ஹலோ! ஹலோ! யாரு?" என்று கத்தினார் அவர்.

"கத்தாதீங்க, நல்லா கேக்கு. பொருட்காட்சியில நீங்க பாத்த பொண்ணு பேசுதேன்."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ ஆலையை நிறுத்தச் சொன்னார்.

"நான் அடங்கிருவேன்னு சொன்னீங்களாம்லா?"

"அது... அம்மாதான் கேட்டாங்க, ஒரு பேச்சுக்கு..."

"அத்த பாவம், அன்னைக்கு அவங்களும்தான் நின்னாங்க. நீங்க சொன்னீங்களான்னு கேக்கேன்."

"சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"பொண்ணு பாக்க வந்தா எந்திரிச்சு நில்லும்மான்னு கேப்பாங்க. நீங்க கேக்க முந்தியே நின்னு காட்டிட்டேன். அவளப் புடிச்சிருந்தா இப்ப சொல்லுங்க. அதுக்கு முன்னால உக்காந்திருந்தாள்லா, அவளத்தான் புடிச்சிருக்குன்னா, அப்படி ஒருத்தி எங்க வீட்டுல இல்ல."

அவர் பதில் சொல்லத் தொடங்கினார். ஒரு குடும்பம் என்றால் என்ன, நாலு பேர் என்ன சொல்வார்கள், ஊர் எப்படிப்பட்டது என்றெல்லாம். கண்ணாடிக்குள் அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். புடிச்சிருக்கு என்று மட்டும் அவர் வாயில் வரவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆனால் போர்டில் உட்கார்ந்தவளுக்குப் பேச ஒரே ஒரு வரிதான் உண்டு. நேரம் ஆனதும் லைனுக்குள் வந்து அதைச் சொன்னேன்.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"

"வேண்டாம், நாலாம் நம்பர்" என்றாள் அக்கா, வெண்ணெய்க் குரலில். "பேசி முடிச்சாச்சு."

அந்தப் பக்கம் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று கார்டை உருவினேன்.